ஆறு பேரின் அளவு

"அந்தத் தலைமாட்டு முனையைப் புடிங்க வாத்தியாரே," என்று தச்சர் கோபால்சாமி சொன்னதும், அற்புதராஜ் அளவு நாடாவின் நுனியை மனைவியின் உச்சந்தலைக்கு நேராகக் கட்டிலில் வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டான். மறுமுனை மதலேனாளின் பாதத்துக்குப் போயிற்று. நாடா அவளுடையதுதான். கோபால்சாமி வந்த அவசரத்தில் அளவுகோலை மறந்துவிட்டு நூல் கேட்க, நூல் எதற்கு என்று இவனே போய்த் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து எடுத்து வந்திருந்தான்.

"அம்பத்தொம்பது அங்குலம்."

"ஒண்ணு கழிங்க."

கோபால்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"மொத அங்குலம் தேய்ஞ்சு அழிஞ்சு போச்சு. அவ ஒண்ணுல இருந்துதான் வெப்பா. நானும் அப்படித்தான் வெச்சேன். அம்பத்தெட்டு."

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு ஆலங்காயம் பஸ்ஸிலிருந்து இறங்கியதற்குப் பிறகு அவன் முழுசாகப் பேசிய பேச்சு இதுதான். சுவரோரம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பெண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, இவன் அங்குலம் கழித்துக்கொண்டு நிற்கிறான். அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கோபால்சாமி காதிலிருந்த பென்சிலை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். நாலு அங்குலம் கூட வைத்து அடிக்கிறேன், இறுக்கமாக இருக்கக் கூடாது என்றார். மூணரைக்கு ஆலங்காயத்திலிருந்து சாமியார் வந்துவிடுவார். வீட்டில் ஜெபம் சொல்லி, நாலு மணிக்குப் பெட்டியை மூடி, கோயிலில் பூசை வைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். மலையில் இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நாலு மணி. அற்புதராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதே கால். அவளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. பெட்டி மூடுவதற்குள் அதைச் சொல்லியாக வேண்டும். என்ன கொடுமை என்றால், சொல்வதற்கு அவனிடம் பதிலே இல்லை.

அற்புதராஜ் காவலூர் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஐந்து வருஷம் எல்லா வாத்தியார்களையும் போலத்தான் இருந்தான். பிறகு எம்.எஸ்சி. படிக்கிறேன் என்று கிளம்பினான். தபாலில் பாடம் வரும். மங்கலாக அச்சடித்த பாடப் புத்தகங்கள், வரும்போதே பாதி எழுத்து பறந்திருக்கும். அதைப் படித்து, பதில் எழுதி, தபாலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். இந்த வயசில் எதற்கு என்று சக வாத்தியார்கள் கேலி செய்தார்கள். எதற்கு என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. மதலேனாளுக்குச் சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சலில் இருதய வால்வு ஒன்று கெட்டுப்போயிருந்தது. எம்.எஸ்சி. முடித்தால் மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றல் கேட்கலாம். மாற்றல் கிடைத்தால் வேலூரில் குடியிருக்கலாம். வேலூரில் இருந்தால் டாக்டர் பத்து நிமிஷ தூரத்தில் இருப்பார். அவன் படித்த பகுப்பாய்வு, இயற்கணிதம், நிகழ்தகவு எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த கணக்கு இதுதான்.

ஆனால் அவனிடம் ஒரு சிக்கல் இருந்தது. மனசுக்குள் படித்தால் அவனுக்கு ஒன்றும் ஏறாது. வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு உரக்கச் சொல்லிச் சொல்லியே பழகிய வாய். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டால்தான் தேற்றம் மண்டையில் நிற்கும். அந்த ஆள் மதலேனாள். ஏழாம் வகுப்போடு நின்றவள். அவள் மெஷினில் தைத்துக்கொண்டிருப்பாள், இவன் ஜன்னலோரம் நின்று பாடம் ஒப்பிப்பான். நிரூபணம் நேராகப் போகும்வரை மெஷின் ஓடும். எங்கேயாவது அவளுக்கு உதைத்தால் மிதிப்பது நின்றுவிடும். நின்றால் கேள்வி வருகிறது என்று அர்த்தம்.

இயற்கணிதத்தில் வரும் குலங்களைப் பற்றிச் சொன்னபோது, ஒவ்வொருத்தருக்கும் ஒரு எதிர்க்கட்சி உண்டு, ரெண்டு பேரும் சேர்ந்தால் ஒன்றும் நடக்காதது மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதானே என்று கேட்டாள். அவ்வளவுதான். நிகழ்தகவில் ஒரு இடத்தில் மெஷின் அரை நாள் நின்றது. 'கிட்டத்தட்ட நிச்சயம்' என்றால் என்ன, நிச்சயம் என்றால் நிச்சயம்தானே என்றாள். வாய்ப்பு பூஜ்யம் என்று கணக்கு சொல்கிற ஒன்றுகூட நடந்துவிடலாம், அதற்குத்தான் அந்தக் 'கிட்டத்தட்ட' என்று இவன் விளக்கினான். "அப்போ உங்க கணக்க நம்பி நிம்மதியா இருக்க முடியாதுன்னு சொல்லுங்க," என்று சிரித்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.

மெஷினை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கேட்கவில்லை. இவனும் அழுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மெஷின் நின்றுபோனால் தனக்குப் பாடம் ஏறாதே என்கிற பயம்தான் அவனைச் சொல்லவிடாமல் தடுத்தது. இதை நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒப்புக்கொண்டுவிட்டான். ஒப்புக்கொண்டதால் நெஞ்சில் ஒன்றும் இறங்கவில்லை.

நேற்றுக் காலை நடந்தது இது. பதில் தாள்களை அனுப்ப அதுதான் கடைசி நாள். ஆலங்காயம் தபாலாபீசில் ரிஜிஸ்டர் பண்ண வேண்டும். எட்டரைக்கு பஸ். கூடத்தில் வெள்ளைத் துணி மலைமாதிரி கிடந்தது. வருகிற ஞாயிறு கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப்போகிற இருபத்து மூன்று பெண் பிள்ளைகளுக்கும் கவுன் தைக்கிற வேலையைச் சாமியார் அவளிடம் கொடுத்திருந்தார். அவள் தைத்துக்கொண்டிருக்க, இவன் தாளை உறையில் போடுமுன் கடைசி நிரூபணத்தை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான்.

விஷயம் ஒன்றும் பெரிய மாயமில்லை. ஒரு கோடு. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கென்று ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் நகர்ந்தால் எதுவும் பெரிசாக மாறாது. அந்தத் தூரத்துக்கு டெல்ட்டா என்று பேர். இப்போது எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே தூரம் கண்டுபிடிக்க வேண்டும். இருக்கிற டெல்ட்டாக்களிலேயே மிகச் சின்னதை எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் அது ஒத்துவரும், நிரூபணம் முடிந்தது என்று சொல்லி உறையின் வாயில் கோந்து தடவினான்.

மெஷின் நின்றது.

"இருங்க. இருபத்து மூணு பிள்ளைங்கன்னா வரிசையா நிக்க வெச்சு, இவதான் குள்ளம்னு கை காட்டிடலாம். உங்க கோட்டுல கீற புள்ளிக்கு எண்ணிக்கையே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? ஒருத்திய வுட ஒருத்தி குள்ளமா வந்துனே இருந்தா, கடைசியா குள்ளமானவ யாரு?"

பஸ் வளைவில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. உறை ஒட்டியாகிவிட்டது. அவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"உனுக்கு இதெல்லாம் புரியாது. நீ துணியப் பாரு."

அவள் கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. "புரியலன்னுதான கேக்கறேன்," என்றாள். "சரி, போய்ட்டு வாங்க. சாயந்திரம் சொல்லணும். சொல்லாம வுட மாட்டேன்."

பன்னிரண்டு மணி போலப் பக்கத்து வீட்டுச் செல்லி பட்டன் வைத்துக்கொடுக்க வந்தபோது, அவள் மெஷின் மேலே தலையைச் சாய்த்திருந்தாளாம். அசதியில் தூங்குகிறாள் என்று செல்லி கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு கவுனுக்குப் பட்டன் தைத்திருக்கிறாள். பிறகுதான் தெரிந்தது.

அற்புதராஜால் கூடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனான். வாசலில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு எப்போ, எப்படி என்றார்கள். உள்ளே வந்தான். உள்ளே பெண்கள் அவனுக்கு வழிவிட்டு விலகினார்கள், அது அதைவிட மோசம். பாடப் புத்தகத்தைப் பார்த்தால் ஏதாவது தெரியும். அது டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. டிரங்குப் பெட்டி, அவளைக் கிடத்தியிருக்கிற கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சுற்றி இருபது பெண்கள். குனிந்து இழுத்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தான். நினைத்தால் நினைக்கட்டும் என்று ஒரு தரம் குனிந்தும் விட்டான். அவள் புடவை ஓரம் கட்டிலிலிருந்து தொங்கி டிரங்கின் பூட்டை மறைத்திருந்தது. அதை விலக்கக் கை வரவில்லை. புடவை ஓரத்தை எடுத்து ஒழுங்காகக் கட்டில்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

கொல்லைப் பக்கம் போனான். அடுப்புக் கரி ஒன்று கையில் அகப்பட்டது. சுண்ணாம்பு அடித்த பின்சுவரில் எழுத ஆரம்பித்தான். பூஜ்யத்திலிருந்து ஒன்றுவரை ஒரு கோடு, ஆனால் பூஜ்யம் சேராது. ஒன்றை x-ஆல் வகுக்கிற சார்பு. பூஜ்யத்தை நெருங்க நெருங்க அந்த வளைகோடு செங்குத்தாக ஏறும். ஏற ஏற டெல்ட்டா சுருங்கிக்கொண்டே போகும். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. ஒருத்தியைவிட ஒருத்தி குள்ளம். கடைசிக் குள்ளி என்று ஒருத்தி கிடையவே கிடையாது. இங்கே பொதுவான தூரம் என்று ஒன்று இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் நேற்று அவன் உறையில் போட்டு ஒட்டிய நிரூபணம், இங்கேயும் இருக்கிறது என்று சாதிக்கும்.

அவள் கேட்டது சரி. அவள் விரல் வைத்த இடத்தில் நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. நாலு வருஷம் படித்தவன் கண்ணில் படாதது அவள் கண்ணில் பட்டுவிட்டது. அதற்குத்தான் துணியைப் பாரு என்றான். வெட்கம் உடம்பெல்லாம் பிடுங்கித் தின்றது. ஆனால் தேற்றம் பொய்யில்லை. ரெண்டு முனைப் புள்ளிகளும் கோட்டுக்குள் சேர்ந்திருந்தால், மூடிய கோடாக இருந்தால், தேற்றம் உண்மை. அப்படியானால் மூடியிருப்பது எங்கே கை கொடுக்கிறது? நிரூபணத்தில் அந்த வார்த்தையை முதல் வரியில் எழுதியதோடு சரி, பிறகு அதை அவன் எங்கேயும் தொடவே இல்லை. புத்தகத்தில் நடுவில் ஒரு வரி வரும், யாரோ ரெண்டு வெள்ளைக்காரர்கள் பேர் போட்டு. சும்மா அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறான் என்று தாண்டி வந்துவிட்டான். அந்த வரி என்ன? மண்டையைப் போட்டுக் குடைந்தான். வரவில்லை. மேலே மரங்களுக்கு நடுவில் நட்சத்திரம் பார்க்கிற வான் ஆராய்ச்சிக் கூடத்தின் வெள்ளைக் கூரை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

"மாமா."

அமலநாதன் நின்றுகொண்டிருந்தான். மதலேனாளின் தம்பி. வாணியம்பாடியில் தோல் கம்பெனியில் வேலை. விடியற்காலையிலேயே வந்து, பந்தல், குழி, ஆள் என்று ஓடிக்கொண்டிருந்தவன், கைகழுவக் கொல்லைக்கு வந்திருக்கிறான். அவன் சுவரைப் பார்த்தான். பிறகு மாமாவின் கரிக் கையைப் பார்த்தான்.

"அக்கா அங்க படுத்துனு கீது. நீங்க இங்க கணக்கு போட்டுனு கீறீங்களா?"

அமலநாதனுக்கு அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்தது. படிப்பு படிப்பு என்று அவளை இந்த மலையிலேயே போட்டு வைத்திருந்ததைச் சொன்னான். கீழே வந்துவிடுங்கள் என்று தான் எத்தனை தரம் கூப்பிட்டான் என்பதைச் சொன்னான். அக்காவுக்கு இப்படி ஆகும்போதுகூடப் பரீட்சைத் தாளை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனவர்தானே நீங்கள் என்று முடித்தான். அற்புதராஜுக்கு எல்லாம் உண்மை மாதிரிதான் இருந்தது.

"அவ ஒண்ணு கேட்டா அமலு," என்றான் கடைசியில். "நேத்து காலையில. சாயந்திரம் சொல்றேன்னு போனேன்."

"இன்னா கேட்டுது?"

சொன்னான். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான். அமலநாதனுக்குக் கணக்கு ஒரு வரி புரிந்திருக்காது. ஆனால் அந்தப் பேச்சில் அக்காவின் குரல் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். சொல்லாம வுட மாட்டேன் என்றாள் என்று மாமா சொல்லி முடித்தபோது, அவன் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டான்.

"பதில் கெடச்சுதா?"

"இல்ல."

அமலநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தான். மணி பன்னிரண்டரை ஆகிறது, குழி வெட்டுகிறவர்கள் பாறை வருகிறது என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள், கடப்பாரை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நாலு அடி போனவன் திரும்பி, ஒரு வாய் காப்பியாவது குடியுங்கள் என்றான்.

ரெண்டு மணிக்குப் பெட்டி வந்தது. உள்ளே விரிக்க வெள்ளைத் துணி வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். கவுனுக்கு வந்த துணியில் மிச்சம் இருக்கும் என்று செல்லி மெஷின் பக்கம் போனாள். மிச்சத் துணியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, தைத்த கவுன்களை ஒரு பழைய வேட்டியில் மூட்டை கட்டி அற்புதராஜிடம் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பள்ளிக்கூட நோட்டு.

"சாமியார் வந்தா குடுத்துடுங்க வாத்தியாரே. இருபத்து ரெண்டு கீது. ஒண்ணுக்கு மட்டும் ஒரு கை வெக்கல. மெஷின்லயே மாட்டினு கீது, நான் தொடல."

எந்தக் கவுன் யாருக்கு என்று எழுதியிருக்குமா என்று அவன் நோட்டைப் பிரித்தான். அவனுடைய பழைய நோட்டுதான், பின்பக்கத்திலிருந்து அவள் எழுதியிருந்தாள். பெரிய பெரிய எழுத்து. ஒரு பக்கம்தான். பச்சையம்மா முப்பத்தெட்டு. கிருபாவதி முப்பத்து ரெண்டு. அப்படி ஆறு பேர். அடுத்த பக்கத்தைப் புரட்டினான். வெற்றுத்தாள். அதற்கடுத்ததும் வெற்றுத்தாள்.

"மத்த பிள்ளைங்க அளவு எங்க?"

"எந்த மத்த பிள்ளைங்க?"

"இருபத்து மூணு பேர் இல்ல? ஆறுதான் எழுதி கீது."

செல்லி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். துக்கத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்திருப்பாள். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "எல்லாரையும் எதுக்கு அளக்கறது? அக்கா எப்பவும் ஆறு பேரத்தான் நிக்க வெக்கும். பார்த்துப் பார்த்து எடுக்கும். மத்ததுங்க எல்லாம் இந்த ஆறுல யாராவது ஒருத்தி பக்கத்துல வந்துடும். ரெண்டு அங்குலம் உள்ள மடிச்சு வுட்டுட்டா யாருக்கு வேணும்னாலும் ஒக்கும்."

அற்புதராஜ் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த ரெண்டு வெள்ளைக்காரர்கள் சொன்னது இதுதான். மூடிய கோட்டை எத்தனை கோடித் துண்டுகளால் மூடினாலும் சரி, அத்தனையும் தேவையில்லை. அதிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய சில துண்டுகளை எடுத்தாலே கோடு முழுக்க மூடிவிடும். ஹைனே–போரல் தேற்றம். அவனுக்குத் தெரியும். வரிக்கு வரி தெரியும். அதைத் தனியாக ஐந்து மார்க் கேள்வி என்று நெட்டுருப் போட்டு வைத்திருந்தான். இது அதற்கு அடுத்த பாடம், வேறு கேள்வி, வேறு மார்க். ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குப் பயன்படுத்துவார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எல்லாப் புள்ளியையும் அளக்க வேண்டாம். சில புள்ளிகளை நிற்கவைத்தால் போதும். மற்றவையெல்லாம் அவற்றில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் வந்துவிடும். அந்தச் சிலவற்றில் சின்னது யார் என்று கை காட்டிவிடலாம். டெல்ட்டாவில் பாதியை மட்டும் எடு என்று புத்தகம் ஏன் சொல்கிறது என்பதுகூட இப்போது விளங்கியது. உள்ளே மடித்து விடுகிற ரெண்டு அங்குலம்.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அவளுடைய நோட்டிலேயே இருந்திருக்கிறது. நேற்றுக் காலை அவன் உறையைக் கீழே வைத்துவிட்டு, நீ எப்படி அளவு எடுக்கிறாய் என்று ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால் போதும். பஸ் போனால் போகிறது. பதினொரு மணிக்கு இன்னொரு பஸ் இருந்தது. அதில் போவதாக இருந்திருந்தால் அந்த நேரத்துக்கு வீட்டில் இருந்திருப்பான். இல்லை, பதினொரு மணி பஸ்ஸில் ஏறியிருப்பான், அப்போதும் இருந்திருக்க மாட்டான். வீட்டில் இருந்திருந்தால்தான் என்ன செய்திருப்பான்? இப்படியே போனால் இதற்கு முடிவில்லை என்று அவனுக்கே தெரிந்தது. எழுந்தான்.

மூணரைக்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். மதலேனாளுக்குக் கல்யாணப் புடவை கட்டிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடம் அப்படியே தெரிந்தது. கூடம் நிறைய ஆட்கள். ஜெபம் ஆரம்பித்தது. அற்புதராஜ் தலைமாட்டில் நின்றான், ஆனால் நிற்க முடியவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தான். முப்பது பேர் நடுவில் எப்படிச் சொல்வது? வாய் திறந்தால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். சாமியார் தண்ணீர் தெளித்தார். கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பெண்களின் அழுகை உயர்ந்தது. ஒவ்வொருவராக வந்து நெற்றியைத் தொட்டுவிட்டு விலகினார்கள். அவன் முறை வந்தது. நெற்றியைத் தொட்டான். குளிர்ந்திருந்தது. சொல்லாமலே பின்வாங்கினான்.

கோபால்சாமி மூடியைத் தூக்கினார். வெயில் இறங்குகிறது, நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்று அமலநாதன் மூடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். சாமியாரைப் பார்த்து, "சாமி, மாமா ஒரு வார்த்தை பேசணும். எல்லாரும் ரெண்டு நிமிஷம் வெளிய இருந்தா தேவலை," என்றான்.

சாமியாருக்கு அது புதுசு. ஆனாலும் மரியாதையான மனுஷர், தலையை ஆட்டிவிட்டு முதல் ஆளாக வெளியே போனார். கூடம் காலியாயிற்று. அமலநாதன் கடைசியாகப் போய்க் கதவைச் சாத்தினான்.

அற்புதராஜ் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். முதலில், நீ கேட்டது சரி, நான் எழுதினது தப்பு என்றான். பிறகு ஆரம்பத்திலிருந்து சொன்னான். வகுப்பில் சொல்வது போல இல்லை, அவளுக்குச் சொல்வது போல. ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும் ஒரு இடம், இடங்கள் எல்லாம் சேர்ந்து வரிசை முழுக்க மூடுகிறது, வரிசைக்கு ரெண்டு பக்கமும் முனை இருப்பதால் ஆறு பேர் போதும், அந்த ஆறில் குள்ளமானவள் கிருபாவதி, ரெண்டு அங்குலம் மடித்துவிட வேண்டும். எங்கேயும் தாண்டவில்லை. ஒரு வரியைக்கூட விடவில்லை. நாலு வருஷத்தில் அவன் இவ்வளவு சுத்தமாக ஒரு நிரூபணம் சொன்னதில்லை.

"அவ்ளோதான் மதலேனு," என்றான். "ஆறு பேர் போதும்."

பிறகு போய்க் கதவைத் திறந்தான். வாசலில் நின்ற அமலநாதன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டான். கோபால்சாமி ஆணியை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே வந்தார்.

குழியில் பாறை இருந்ததால் ஒரு பக்கம் கொஞ்சம் ஆழம் குறைவாகத்தான் வெட்ட முடிந்திருந்தது. ஆனாலும் பெட்டி உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். இருட்டுவதற்குள் முடிந்தது. அமலநாதன் ராத்திரி கூடவே படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் செல்லி தயங்கித் தயங்கி வாசலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கிறது, கிருபாவதியோட கவுனுக்கு மட்டும் ஒரு கை வைக்க வேண்டும், அந்தப் பிள்ளை நேற்று கல்லறையில் என் கவுனு என்ன ஆச்சு என்று என்னிடமே கேட்டது, எனக்குக் கொஞ்சம் மிதிக்கத் தெரியும், உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் எடுத்துக்கொண்டுபோய்க் கையில் தைத்துக்கொள்கிறேன் என்றாள். சங்கடம் ஒன்றுமில்லை, உட்காருங்கள் என்றான் அற்புதராஜ்.

அவள் உட்கார்ந்து ஊசியில் நூல் போயிருக்கிறதா என்று பார்த்தாள். ரெண்டு தரம் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். அமலநாதன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அற்புதராஜ் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்கை இழுத்துப் பாடப் புத்தகத்தை எடுத்தான். அனுப்பிய தாள் தப்பு என்று எழுதிப் போட வேண்டும். சரியான நிரூபணத்தையும் கூட வைத்து அனுப்ப வேண்டும். எழுதுமுன் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்று எப்போதும் போல ஜன்னலோரம் போய் நின்றான்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. அவனும் ஆரம்பித்தான். ஒரு கோடு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்ட்டா. எல்லா டெல்ட்டாவிலும் மிகச் சின்னதை எடுத்துக்கொண்டால் என்று, தெரிந்தே, பழைய தப்பைச் சொன்னான். சொல்லிவிட்டு நிறுத்தினான்.

செல்லி தலை நிமிரவில்லை. சின்னக் கை, துணி வழுக்குகிறது, அவளுக்கு அதுவே பெரிய பாடாக இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.